திருகோணமலையில் துயிலும் கடற்படைத் தளபதி



திருகோணமலை நகரிலே எஸ்பிளனேட் இடுகாடு என்றும் புனித ஸ்தேவான் இடுகாடு என்றும் வழங்கப்படும் பழைய ஈமவெளி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே அத்துறைமுகத்தில் உயிர்நீத்த போர்வீரர்களும் மாலுமிகளும் உத்தியோகத்தர்களும், அவர்தம் மனைவி மக்களும் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டனர். வியாழக் கிரகத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்து புகழ்பெற்ற பேர்சி மோல்ஸ்வேர்த் என்பாரும் 1908 ஆம் ஆண்டு முதல் அங்கேதான் துயில்கின்றார். எனினும் அவ்விடுகாட்டைத் தேடி வெளிநாட்டார் வருவது பெரும்பாலும் வேறொருவர் பொருட்டாகும். அவர் ரியர் அட்மிரல் சாள்ஸ் ஜோன் ஒஸ்டின். 1852 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7 ஆந் தேதி பர்மாவின் இராவதி நதியிலே உயிர்நீத்த அவரது உடல் திருகோணமலையிலே புதைக்கப்பட்டது.

வருவோர் பலர் அவரைப் பார்க்க வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. தமக்கையின் பெயரே அவர்களை அவ்விடத்துக்கு இழுத்து வருகின்றது. அறுபத்தோராண்டு கடற்படையிற் சேவை செய்த ஒருவர் தமக்கையின் புகழொளியிலே தெரியவேண்டியிருப்பதை அவரே அறிந்தால் வருந்துவாரோ, மகிழ்வாரோ? மகிழ்வார் என்றே நான் எண்ணுகின்றேன். அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பதக்கம். போரிலே தனி வீரச் செயல் புரிந்தவர்க்கு அளிக்கப்படும் பதக்கம் ஒருவகை. குறித்த ஒரு போரிலே பங்குபற்றினார் என்பதற்காக அனைவர்க்கும் அளிக்கப்படும் பதக்கம் மற்றொரு வகை. நான் சொல்லப்போவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பிரித்தானியக் கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கம் என்பது அதன் பெயர். 1793 ஆம் ஆண்டு தொடக்கம் 1840 ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த கடற்போர்களுக்காக அது வழங்கப்பட்டது. வட்ட வடிவான வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் இளமைத் திருமுகமும் 1848 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் பிரித்தானியா என்னும் பெண்ணுருவம் கையிலே திரிசூலமேந்திக் கடற்குதிரைமீது வீற்றிருக்கும். நீலக்கரையுடைய வெள்ளை நாடாவிலே பதக்கம் தொங்கும். நாடாவின்மேல் சிறு வெள்ளிப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு போரின் பெயரோ, ஒரு கப்பலின் பெயரோ, நாளோ வெட்டப்பட்டிருக்கும். பெற்றவரின் பெயர் பதக்கத்தின் விளிம்பிலே பதிக்கப்பட்டிருக்கும்.

இதிலே கவனிக்கவேண்டியது காலம். இப்பதக்கம் பற்றிய அறிவித்தல் 1847 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே வெளியாயிற்று. முதற் போரோ 1793 ஆம் ஆண்டிலே நடந்தது. இடையிலே ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! 1815 ஆம் ஆண்டு நடந்த வாட்டர்லூ யுத்தத்துக்கு அடுத்த ஆண்டே சாதாரணப் போர்வீரன் முதல் தளபதிவரை எல்லோருக்கும் ஒரே பதக்கம் கிடைத்துவிட்டது. கடற்படையிலோ அட்மிரல்களுக்கும் கப்டன்களுக்கும் மாத்திரம் பொற்பதக்கம் அளிக்கப்பட்டது. நைல் நதி முகத்திலும் திரபல்காரிலும் போரிட்ட மாலுமிகளுக்கு அரசாங்கம் எதுவும் கொடுக்கவில்லை. தனியார் இருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் பதக்கம் அடிப்பித்தனர். நைல் போருக்கு நெல்சனின் நண்பர் டேவிசன் என்பவரும், திரபல்கார் போருக்குப் பேர்மிங்காம் தொழிலதிபர் மத்தியூ போல்டன் என்பவரும் அவ்வாறு செய்தனர். போல்டன் மாலுமிகளுக்கு அளித்தது மலிவான ஈயக் கலப்பு உலோகத்தாலானது. சிலர் அதனை வெறுத்துக் கடலிலே வீசினர் என்பது வழிவழி வந்த கதை.

ஆகவே, அரசாங்கம் விழித்தெழுந்து பதக்கம் தருவோம் என்றபோது பெறவேண்டியவர்களிற் பெரும்பாலார் மண்ணிலோ கடலிலோ மறைந்துவிட்டனர். உயிரோடிருந்து, விண்ணப்பஞ் செய்தவருக்கே பதக்கம் என்பது விதி. 1851 ஆம் ஆண்டு மே மாதத்தோடு விண்ணப்பக் காலம் முடிந்தது. திரபல்காரிலே பிரித்தானியக் கப்பல்களில் ஏறத்தாழ 18,000 பேர் இருந்தனர். அப்போருக்குரிய பட்டையைப் பெற்றவர் 2,000 பேர்கூட இல்லை. 230 வகைக்கு மேற்பட்ட பட்டைகளுக்கு அனுமதி இருந்தும், அவற்றுட் சிலவற்றைக் கேட்டுவர ஓர் ஆத்துமாவும் எஞ்சியிருக்கவில்லை. மொத்தமாக ஏறத்தாழ 21,000 பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி ஒரே ஒரு பட்டையுடையவை. ஏழு பட்டைகளுக்கு மேல் எவரும் பெற்றாரில்லை. அந்த ஏழையும் பெற்ற இருவரில் ஒருவர் ஜோன் ஹைண்ட்மார்ஷ். பின்னாளிலே தென் அவுஸ்திரேலியாவின் முதலாவது தேசாதிபதியானவர்.

இன்னுமொரு செய்தி. மகாராணியின் கட்டளையிலே ஆண் என்றோ பெண் என்றோ வேறுபாடு கூறப்படவில்லை. அக்காலக் கப்பல்களிலே மாலுமிகளின் மனைவியர் சிலரும் இருப்பர். போர் நடக்கும்போது காயமுற்றோரைப் பேணுவதும், பீரங்கிகளுக்கு வெடிமருந்து எடுத்துக் கொடுப்பதும் அவர்கள் பணி. திரபல்காரிலே டிபையன்ஸ் கப்பலில் இருந்த ஜேன் டவுன்செண்ட் என்னும் பெண்மணி விண்ணப்பித்தார். நைல் போரிலே கொலையத் கப்பலில் இருந்த வேறு இருவரும் விண்ணப்பித்தனர். முதலிற் கொடுக்கலாம் எனத் தீர்மானித்த அதிகாரிகள், பின்னர், இவர்களுக்குக் கொடுத்தால் இவர்களைப்போலப் பயன்பட்ட ஏனைய பெண்களும் கேட்பார்களே என அஞ்சி மறுத்துவிட்டனர். ஒருவர்க்கு நியாயம் செய்தால் பலர்க்கும் செய்யவேண்டிவரும் என்பது மறுப்பதற்கு ஒரு காரணமாம்! அதே வேளையில், 1794 ஆம் ஆண்டு யூன் மாத முதல் நாட் போரின்போது டிரமெண்டஸ் என்னுங் கப்பலிலே பிறந்த டானியல் மக்கென்சி என்பவருக்குப் பதக்கம் கிடைத்தது. பதிவேட்டிலே அவரது பதவி ‘குழந்தை’ என்று எழுதப்பட்டுள்ளது. குழந்தைக்குப் பதக்கம் உண்டு. பீரங்கி முழக்கத்தினிடையே அக்குழந்தையைப் பெற்ற தாய்க்கு இல்லை.

இனிச் சாள்ஸ் ஒஸ்டினிடம் வருவோம். இப்பதக்கத்தின் பட்டைகளுள் இரண்டுக்கு அவர் உரியவர். ஒன்று அக்கால எல்லையின் தொடக்கத்தை ஒட்டியது. மற்றது இறுதி ஆண்டுக்குரியது. இரண்டுக்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள். பட்டை எதுவுமில்லாத அந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

1779 ஆம் ஆண்டு, ஸ்டீவன்டன் என்னும் கிராமத்துப் போதகர் ஒருவரின் கடைக்குட்டியாகச் சாள்ஸ் பிறந்தார். பன்னிரண்டு வயதிலே போட்ஸ்மத் கடற்படைக் கழகத்திலே சேர்க்கப்பட்டார். பின்னர் கப்டன் தோமஸ் வில்லியம்ஸின் கீழ்ப் பயிலுநராகக் கப்பலேறினார். அந்தக் கப்டன் சாள்ஸின் பெரியதாய் மகளை மணந்தவர். நம்மவர் முறைப்படி சொன்னால் அத்தான். செல்வாக்கில்லாமற் கடற்படையில் முன்னேற முடியாத காலம் அது. போதகரின் மகனுக்கு இந்த அத்தானின் செல்வாக்குக் கிடைத்தது.

1796 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆந் தேதி, வில்லியம்ஸின் யூனிகோர்ண் என்னும் பிரிகேட் வகைப் போர்க்கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளுக்கு அப்பால் திரிபியூன் என்ற பிரெஞ்சுப் பிரிகேட்டைக் கண்டது. துரத்தல் தொடங்கிற்று. பத்து மணிநேரம் சுட்டுக்கொண்டே ஓடிய அக்கப்பல்கள் ஏறத்தாழ 210 மைல் தூரத்தைக் கடந்தன. ஈற்றிலே இரவில் நெருங்கிநின்று போரிட்டுப் பிரெஞ்சுக் கப்பல் பணிந்தது. அதிலே 37 பேர் மாண்டனர். யூனிகோர்ணில் ஓர் உயிரும் போகவில்லை. கப்டன் ‘சேர்’ பட்டம் பெற்றார். பயிலுநனாக நின்ற சாள்ஸுக்கு இன்னும் பதினேழு வயது நிறையவில்லை. அந்த ஒரு நாளைக்கான வெள்ளிப் பட்டை அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது அறுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது.

பட்டை கிடைக்காத ஒரு செயலையும் கேளுங்கள். சில ஆண்டுகளின் பின், எண்டிமியன் கப்பலில் லெப்டினன்டாக இருந்தபோது, ஸ்கிப்பியோ என்னும் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் எதிர்ப்பட்டது. 18 பீரங்கிகளும் 140 ஆட்களும் உடையது அது. கடும் புயல் வீசிற்று. சாள்ஸ் ஒரு சிறு படகிலே நான்கே நான்கு மாலுமிகளுடன் சென்று அக்கப்பலில் ஏறி, மறுநாள் மேலதிக ஆட்கள் வந்து சேரும்வரை அதனைத் தம் வசம் வைத்திருந்தார். என் சிற்றறிவுக்கு, யூனிகோர்ண் போரிலே பயிலுநனாய் நின்றதைவிட இதுவே அரிய செயல். ஆயினும் இதற்குப் பட்டை இல்லை.

பட்டைக்குப் பதிலாக வேறொன்று வந்தது. பிடிபட்ட கப்பலின் விலையிலே மாலுமிகளுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் பங்கு கொடுப்பது அக்கால வழக்கம். சாள்ஸுக்கு முப்பது பவுண் கிடைத்தது. மேலும் பத்துப் பவுண் வருமென்று எதிர்பார்க்கப்பட்டது. சம்பளமோ சொற்பம். இருந்தும் அந்த இளைஞர் அப்பணத்திலே தம் தமக்கையர் கசாண்டிராவுக்கும் ஜேனுக்கும் பொற்சங்கிலிகளும், புட்பராகக் கல் பதித்த இரு சிலுவைகளும் வாங்கினார். 1801 ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதிய கடிதமொன்றிலே, தம்பியின் ஊதாரித்தனத்தைக் கண்டிப்பதுபோல ஜேன் வேடிக்கையாக எழுதியுள்ளார். கண்டிப்புக்குள்ளே கரையும் உள்ளத்தைக் காணக் கண்ணாடி வேண்டியதில்லை. 1814 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ என்னும் நாவலிலே கடற்படையிற் பணிபுரியும் தமையன் ஒருவன் தங்கைக்கு ஒரு சிலுவையைக் கொண்டுவந்து கொடுக்கின்றான். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டுமா? ஒஸ்டின் சகோதரியரின் அவ்விரு சிலுவைகளும் இன்று சோட்டன் கிராமத்திலே அவர்கள் வாழ்ந்த இல்லத்தில், நினைவுச்சாலையாக்கப்பட்ட அவ்வீட்டிலே, பாதுகாக்கப்படுகின்றன. தமக்கையின் புகழிலே அறியப்படுவதற்குச் சாள்ஸ் வருந்தமாட்டார் என்று முன்னர்ச் சொன்னேனே, அது இதனை எண்ணியே.

1804 ஆம் ஆண்டு பெர்மியூடாத் தீவிலே ‘இந்தியன்’ என்னும் சிறு கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அங்கேயே 1807 ஆம் ஆண்டு பன்னி பாமர் என்னும் பெண்ணை மணந்தார். 1810 ஆம் ஆண்டு கப்டன் பதவி வந்தது. பின் ஆங்கிலக் கரையை அடுத்து நங்கூரமிட்டிருந்த நாமூர் என்னும் பெருங் கப்பலுக்குத் தலைவராக்கப்பட்டார். வீடு வைத்துக் குடித்தனஞ் செய்யப் பணமில்லை. ஆகவே மனைவியும் பெண்குழந்தைகளும் கப்பலிலேயே வசித்தனர். 1814 ஆம் ஆண்டு செத்தெம்பரிலே நான்காவது குழந்தையைப் பெற்ற சில நாட்களுள் பன்னி அக்கப்பலிலேயே இறந்தாள். வயது இருபத்து நான்கு. குழந்தையும் பிழைக்கவில்லை. மூன்று சிறுமிகளை உறவினர் கையில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த கப்பலாகிய பீனிக்ஸிலே சாள்ஸ் மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டார். 1816 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே துருக்கிக் கரையிலே பீனிக்ஸ் புயலில் மோதி உடைந்தது. இராணுவ மன்று விசாரித்து, வழிகாட்டிகளே தவறினர், கப்டன்மீது குற்றமில்லை எனத் தீர்த்தது. குற்றமில்லை, ஆனால் கப்பலும் இல்லை.

அடுத்த ஆண்டு ஜேன் இறந்தார். 1817 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவர் தமக்கு எழுதிய கடிதத்தின் மேல், இதுவே அன்புத் தமக்கையின் கடைசிக் கடிதம் என்று சாள்ஸ் தம் கைப்படக் குறித்து வைத்தார்.

நெப்போலியன் வீழ்ந்தபின் பிரித்தானியக் கடற்படை சுருங்கிற்று. ஏறத்தாழ 1,40,000 பேராக இருந்த படை இரண்டே ஆண்டுகளில் 20,000 அளவுக்கு வந்தது. கப்டன்மாரை வேலைநீக்கஞ் செய்வதில்லை. அரைச் சம்பளம் கொடுத்து வீட்டிலே இருத்திவிடுவர். கப்டன் பதவிக்கு மேலே உயர்வதற்கோ திறமை வேண்டியதில்லை. பட்டியலிலே தமக்கு மேலுள்ளவர்கள் இறக்கவேண்டும், தாம் இறவாதிருக்கவேண்டும். அவ்வளவுதான். 1810 ஆம் ஆண்டு கப்டனான சாள்ஸ் ரியர் அட்மிரலாவதற்கு 1846 ஆம் ஆண்டுவரை, முப்பத்தாறு வருடம், காத்திருந்தார். முதுமைவரிசையைப் பார்த்திருந்து பதவியுயர்வு பெறும் அரசாங்க உத்தியோகத்தர் எவர்க்கும், பாடசாலை அதிபர்களுக்குந்தான், இந்த நிலை விளக்கவேண்டாதே விளங்கும்.

இடைக்காலத்திலே கோண்வால் கரையிலே கள்ளக்கடத்தலைத் தடுக்கும் காவற் பணி செய்தார். பன்னியின் சகோதரி ஹரியற்றை 1820 ஆம் ஆண்டு மணந்தார். மனைவி இறந்தால் அவள் உடன்பிறந்தாளை மணப்பது நம்மவரிடையே வழக்கமே. தாயற்ற பிள்ளைகளுக்கு அதைவிட வேறு நற்றாய் யார்? இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டமோ அதனை முறையற்றதெனக் கொண்டது. 1826 ஆம் ஆண்டிலேதான், பத்தாண்டின் பின், மறுபடியும் ஒரு கப்பல் கிடைத்தது; மேற்கிந்தியக் கடலிலே அடிமை வியாபாரக் கப்பல்களைத் தேடிப் பிடிக்கும் பணி. 1830 ஆம் ஆண்டு கப்பலிலே விழுந்து கடுங்காயமுற்று வீடு திரும்பினார். மீண்டும் எட்டாண்டு கரைவாசம்.

1838 ஆம் ஆண்டு பெலரபன் என்னும் 80 பீரங்கிக் கப்பலின் தலைமை கிடைத்தது. எகிப்தின் முகமது அலி துருக்கிச் சுல்தானிடமிருந்து சிரியாவைப் பறித்திருந்த காலம். பிரித்தானியா சுல்தானின் பக்கம் நின்றது. 1840 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 3 ஆந் தேதி பிரித்தானிய, ஒஸ்திரிய, துருக்கிக் கப்பல்கள் ஏக்கர் கோட்டையைப் பீரங்கியால் தாக்கின. கோட்டையின் வெடிமருந்துச் சாலை தீப்பற்றி வெடித்தது. ஒரு நொடியிலே பெருந்தொகையானோர் மாண்டனர். அன்றிரவே கோட்டை கைவிடப்பட்டது. அறுபத்தொரு வயதுக் கப்டன் ஒஸ்டினுக்கு ‘பாத்’ விருது கிடைத்தது. சுல்தானும் ஒரு பதக்கம் அடிப்பித்தார்; கப்டன்மார்க்குப் பொன், கீழ் உத்தியோகத்தர்க்கு வெள்ளி, மாலுமிகளுக்குச் செம்பு. கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கத்தின் சிரியப் பட்டை இப்போருக்கே உரியது. ஏறத்தாழ 7,000 பேர் அதனைப் பெற்றனர். போர் அண்மையில் நடந்தமையால் பெறுவதற்கு ஆட்கள் உயிரோடிருந்தனர்.

இங்கே தமையன் பிரான்சிஸையும் நினைக்கவேண்டும். அவரும் கடற்படையினரே. 1805 ஆம் ஆண்டு நெல்சனின் படையிலே கனோப்பஸ் கப்பலின் கப்டனாக இருந்தார். தண்ணீரும் உணவும் ஏற்றிவரும்படி அக்கப்பல் ஜிப்ரால்டருக்கு அனுப்பப்பட்ட வேளையிலே திரபல்கார் யுத்தம் நடந்து முடிந்துவிட்டது. மறு ஆண்டு சென் டொமிங்கோப் போரிலே அவர் போரிட்டுப் பொற்பதக்கம் பெற்றார். 1863 ஆம் ஆண்டு கடற்படையின் அதியுயர் பதவியையும் அடைந்தார். ஆயினும் அந்த ஒரு நாளை இழந்த ஏக்கம் தீரவில்லை. தண்ணீர் ஏற்றப் போனவர்க்குப் பட்டை ஏது? தண்ணீரில்லாமற் படையேது?

1850 ஆம் ஆண்டு சாள்ஸ் கிழக்கிந்திய, சீனக் கடற்பிரிவுகளின் பிரதம தளபதியாக்கப்பட்டார். எழுபது வயதிலே அவர் இந்தக் கடல்களுக்கு வந்தார். வந்த இடத்திலே காத்திருந்தது இரண்டாவது பர்மிய யுத்தம். அதனை நியாயமான யுத்தமென்று சொல்ல நான் ஆயத்தமில்லை. இரு ஆங்கிலக் கப்பல் தலைவர்மீது இரங்கூன் அதிகாரி விதித்த தண்டம் பற்றிய வழக்கு. கோரப்பட்ட நட்டஈடு ஏறத்தாழ ஆயிரம் பவுண். பேசித் தீர்க்க அனுப்பப்பட்ட கொமடோர் லாம்பேர்ட் பர்மிய மன்னனின் கப்பலைக் கைப்பற்றினார், போர் மூண்டது. இங்கிலாந்திலேயே ரிச்சர்ட் கொப்டன் இதனைக் கண்டித்து 1853 ஆம் ஆண்டு சிறு நூலொன்று வெளியிட்டார். சாள்ஸ் இதனைத் தொடக்கினவரல்லர். ஆனால் 1852 ஆம் ஆண்டு ஏப்பிரலில் இரங்கூன் பிடிபட்டபோது கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. சுவேதகோன் தாதுகோபத்தின் படிகளிலே அன்று உயிர்விட்ட பர்மியர்க்கு விளிம்பிலே பெயர் பதித்த பதக்கம் எவரும் கொடுக்கவில்லை.

நோயுற்றுக் கல்கத்தாவுக்குச் சென்று ஓய்வெடுத்தார். இங்கிலாந்துக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. மறுபடியும் பர்மாவுக்கு வந்து, புளூட்டோ என்னும் நீராவிக் கப்பலிலே இராவதியில் புரோம் நகரை நோக்கிச் சென்றார். வழியிலே வாந்திபேதி கண்டது. எழுபத்து மூன்று வயதிலே, ஆற்றின் நடுவே உயிர் பிரிந்தது. இரண்டொரு நாளில் புரோம் வீழ்ந்தது; ஆண்டு முடிவதற்குள் பெகு மாகாணம் பிரித்தானிய இந்தியாவுடன் சேர்க்கப்பட்டது.

அந்த யுத்தத்துக்கும் ஒரு பதக்கம் உண்டு. ‘பெகு’ என்ற பட்டையோடு அது அனுமதிக்கப்பட்டது 1853 ஆம் ஆண்டு திசெம்பரிலே. சாள்ஸ் ஒஸ்டின் திருகோணமலை மண்ணிலே அடங்கி அப்போது ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.